பலகை சொல்லாத பாதி

இமாச்சலப் பிரதேசத்தில் சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் டாண்டி என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. கேலாங்குக்கு எட்டுக் கிலோமீட்டர் முன்னால். அங்கிருக்கும் பெட்ரோல் பங்க்கில் நெடுங்காலமாக ஒரு பலகை: அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில். லடாக் போகிற பைக்காரர்களில் அதன் முன்னால் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதவர் குறைவு. அந்தப் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, திருப்பூரிலோ திருநெல்வேலியிலோ உட்கார்ந்துகொண்டு ‘ஒரு நாள் நாமும் போகணும்’ என்று மனதில் முடிச்சுப் போட்டவர்கள் அதைவிட அதிகம்.

பலகைக்கு அந்த வேலை நன்றாகத் தெரியும். ஒரே ஒரு எண்ணைச் சொல்லி ஆளைக் கிளப்பிவிடும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிற கணக்கை மட்டும் சொல்லாது. கணக்குப் போடாமல் கிளம்பிய சிலர் மனாலி–லே சாலையில் சர்ச்சு, பாங் என்ற இடங்களுக்கு நடுவே ஓரமாக நின்று, வருகிற லாரிக்கெல்லாம் காலி பாட்டிலைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் உட்கார்ந்தே அந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். அதற்கு ஒரு பேனாவும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

365-ஐயே எடுத்துக்கொள்வோம். அது லடாக்கின் லே நகரம்வரை உள்ள தூரம். லேவுக்கு 35 கி.மீ. முன்னால் காரு என்ற ஊரில் பங்க் உண்டு என்பதால் உண்மையான இடைவெளி சற்றுக் குறையும். ஆனாலும் 365 என்றே வைத்துக்கொள்வது நல்லது. வழியில் பாலம் பழுது என்றால் பாதி தூரம் போய்த் திரும்ப வேண்டி வரலாம். புதிதாகப் பங்க் வந்தாலும் அன்றைக்கு அங்கே பெட்ரோல் இருப்பு இருக்க வேண்டுமே.

முதலில் மைலேஜ். டேஷில் தெரிகிற எண்ணை நம்பக் கூடாது. டேங்க்கை முழுக்க நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, 200 கி.மீ.-க்குக் குறையாமல் ஓட்டி, அதே பங்க்கில் அதே அளவு நிரப்பிப் பார்க்க வேண்டும். பயணத்தில் ஏற்றப்போகிற அதே சுமையோடு செய்தால்தான் அதற்கு மதிப்பு. இரண்டு பக்கப் பைகளும் பின்னால் ஒரு மூட்டையும் காற்றை எதிர்க்கும் விதத்தில் மைலேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். வந்த எண்ணில் நான்கில் ஒரு பங்கு கழித்துவிடுங்கள். முதல், இரண்டாம் கியரில் மணிக்கணக்கில் ஏறுவதற்கும் நதிக்கல் மேல் உருள்வதற்கும் அந்தக் கழிவு. கார்புரேட்டர் வண்டி என்றால் மூன்றில் ஒரு பங்குகூடக் கழிக்கலாம். மேலே காற்று மெலிந்திருக்கும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, சமவெளியில் ஊற்றும் பெட்ரோலைத்தான் ஊற்றும். எரியாத பெட்ரோல் கரும்புகையாகப் போகும், பிளக் கறுத்துவிடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகள் பெரும்பாலும் எரிபொருள் இன்ஜெக்‌ஷன். சென்சார் காற்றழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். இழுவை குறைவது மட்டும் இரண்டுக்கும் பொது.

இப்போது பெருக்கிப் பார்க்கலாம். கிளாசிக் 350-க்கு 13 லிட்டர் டேங்க். ஊரில் 35 கொடுத்தால் மலையில் 26 என்று வைப்போம். 365-க்கு 14 லிட்டர் வேண்டும். டேங்க் போதாது. ஹிமாலயன் 411-க்கு 15 லிட்டர். ஊரில் 30 என்றால் மலையில் 22 முதல் 23. தேவை 16 லிட்டருக்கு மேல். புதிய 450-க்கு 17 லிட்டர் டேங்க், 28 கொடுக்கிற வண்டி 21-க்கு இறங்கினால் அதுவும் கிட்டத்தட்ட அரை லிட்டர் துண்டு விழும். ஸ்பிளெண்டருக்கு 9.8 லிட்டர்தான். ஆனால் 60 கொடுக்கிற வண்டி 42-க்கு இறங்கினாலும் 8.7 லிட்டரில் வேலை முடிந்துவிடும். மலைப் பயணத்துக்கென்றே விற்கிற வண்டிக்கு கேன் வேண்டும், பால்காரர் ஓட்டுகிற வண்டிக்கு வேண்டாம்! ஸ்பிளெண்டர்காரரும் இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்வது நல்லது. மற்றவர்களுக்கு ஐந்து லிட்டர் கேன் ஒன்று போதும்.

கேன் என்றால் பெட்ரோலுக்கென்றே செய்த தடித்த கேன். தண்ணீர் பாட்டில் வேண்டவே வேண்டாம். மனாலி 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இறுக மூடிய கேன் 5,000 மீட்டரில் பலூன்போல உப்பிக்கொண்டு நிற்கும். திறக்கும்போது இஞ்சின் ஆறியிருக்க வேண்டும், மூடியைக் கால் சுற்று திருப்பிக் காற்றை ‘புஸ்’ஸென்று விட்ட பிறகே முழுக்கத் திறக்க வேண்டும். சைலன்ஸர் பக்கத்தில் கேனைக் கட்டக் கூடாது. டேங்க்கில் ஐந்து லிட்டர் இடம் வந்ததும் கேனை அதில் கவிழ்த்துவிட்டால், மீதித் தூரம் கசிவைப் பற்றிய கவலையே இல்லை. வழியில் டாபாக்களில் பாட்டில் பெட்ரோல் கிடைக்கும். விலையும் கூடுதல், கலப்படத்துக்கும் யாரும் பொறுப்பில்லை. கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் ஓடோமீட்டரே பொய் சொன்னால்? அதைச் சோதிக்கத் தமிழ்நாட்டிலேயே ஆயிரக்கணக்கில் கருவிகள் நட்டுவைத்திருக்கிறார்கள்: மைல்கற்கள். தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கறுப்போ நீலமோ என்றால் மாவட்ட, நகரச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. வெள்ளை உடலில் கறுப்பு எழுத்து. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் பல கற்கள் கழுத்துவரை புதைந்து, மஞ்சள் தலையும் பாதி எண்ணும்தான் தெரியும். வாகனம் குறைந்த நேரத்தில் நேரான சாலையில் பத்துக் கற்களைத் தாண்டி, ஓடோமீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பாருங்கள். 10.3 காட்டினால் உங்கள் மைலேஜும் மூன்று சதவீதம் ஊதிப்போன மைலேஜ். டயர் தேய்ந்தால் இந்தப் பிழை கூடும். ஒரு கல் இடம் மாறி நடப்பட்டிருக்கலாம் என்பதால் ஒற்றைக் கல்லை நம்பாமல் பத்தை எடுப்பது.

கற்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு குட்டிக் கல், அதில் 2, 4, 6, 8 என்று இருக்கும். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனாலோ அடிபட்டாலோ 1033-ஐ அழைத்து, நெடுஞ்சாலை எண், கிலோமீட்டர் எண், குட்டிக் கல்லின் எண் மூன்றையும் சொன்னால் அவர்களால் இடத்தைத் துல்லியமாகப் பிடிக்க முடியும். ‘ஒரு டீக்கடைக்குப் பக்கத்துல’ என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

நெடுஞ்சாலை எண்ணையும் படிக்கத் தெரிந்தால் பலகை இன்னும் நிறையப் பேசும். 2010-ல் நாட்டின் நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தார்கள். வடக்கு தெற்காக ஓடுபவை இரட்டைப்படை; கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு மேற்காக ஓடுபவை ஒற்றைப்படை. வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் கூடும். அதனால்தான் லே வழியாகப் போகிற சாலைகளுக்கு 1, 3 என்று எண். மதுரை வழியாகப் போகிற கொச்சி–தொண்டி சாலைக்கு 85. மூன்று இலக்கம் என்றால் கிளை, கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலை. சேலத்திலிருந்து கோவை வழியாகக் கொச்சி போகும் 544, திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744, இரண்டும் 44-ன் பிள்ளைகள். பழைய ஆட்கள் இன்னும் ‘என்.எச். 7’ என்றே சொல்கிற அந்த 44, கன்னியாகுமரியில் தொடங்கி 3,700 கி.மீ.-க்கு மேல் ஓடி ஸ்ரீநகர் போகிறது. கோவில்பட்டியிலோ நாமக்கல்லிலோ பைபாஸில் டீ குடித்துக்கொண்டு நிமிர்ந்தால் தெரிகிற அதே 44-ஐத்தான் ஜம்முவிலும் பார்க்க முடியும். தமிழ்நாட்டுக்காரருக்குக் கனவைத் தூண்ட இதைவிட எளிய பலகை கிடையாது. நாக்பூரில் இந்தச் சாலையில் போகிறவர்கள் ஊருக்குள் இருக்கும் ஜீரோ மைல் தூணையும் பார்த்துவிடலாம். ஆங்கிலேயர் காலத்து முக்கோண நில அளவைக்காரர்கள் நட்டது. ஐதராபாத், ஜபல்பூர், சிவனி என்று சுற்றியுள்ள ஊர்களின் தூரம் மைல் கணக்கில் இருக்கும்.

பச்சைப் பலகை கிலோமீட்டரைச் சொல்லும், மணியைச் சொல்லாது. நான்கு வழிச் சாலையில் நிறுத்தங்களையும் சேர்த்தால் பைக்குக்குச் சராசரி 50 கிடைக்கும், மலையில் 25 முதல் 30. கன்னியாகுமரியிலிருந்து டெல்லி சுமார் 2,800, அங்கிருந்து மனாலி 530, மனாலியிலிருந்து லே 430. மொத்தம் 3,750 சொச்சம். ஒரு நாளைக்கு 400, 450 என்று போனால் டெல்லிக்கே ஆறேழு நாள். இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். தெலங்கானா தாண்டினால் எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வரும் டிராக்டரும், சாலை நடுவே படுத்திருக்கும் மாடும் சாதாரணம்.

சிவப்பு வட்டத்துக்குள் பைக் படம் போட்ட பலகையையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.   ஐதராபாத் வெளிவட்டச் சாலையிலும், ஆரம்கர் பக்கமிருந்து மெஹதிப்பட்டினம் போகும் பி.வி. நரசிம்ம ராவ் மேம்பாலத்திலும் இருசக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லை. ஆகவே விடிந்ததும் கிளம்பி, காலை நெரிசலுக்கு முன் ஐதராபாத்தைக் குறுக்கே கடப்பதுபோல முந்தைய இரவுத் தங்கலை ஜட்சர்லா பக்கம் வைத்துக்கொள்ளலாம். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் பொதுவாகப் பைக்குக்குக் கட்டணம் இல்லை. இடது ஓரம் ஒரு குறுகிய பாதை இருக்கும். அதில் மணலும் எண்ணெய்யும் சேர்ந்திருக்கும், முன் பிரேக்கைத் தொடாமல் மெல்லப் போக வேண்டும்.

எந்த மாதம் என்பதில் இரண்டு முனையும் இழுக்கும். மனாலி–லே சாலை மே, ஜூன் வாக்கில் திறந்து அக்டோபர், நவம்பரில் பனியால் மூடும். மே மாதம் கிளம்பினால் நாக்பூரில் 45 டிகிரி. ஜூலையில் இமாச்சல மலைகள் சரியும். ஆகஸ்ட் கடைசியில் தெற்கிலிருந்து கிளம்பி, செப்டம்பர் இரண்டாம் வாரம் மனாலியில் ஏறுவதுதான் சரியாகப்படுகிறது. மழை ஓயும் நேரம், வானம் தெளிவு, ஓடைகளில் தண்ணீர் குறைவு. கிளம்பும் நாளில் காவல்கிணறு, பணகுடிப் பக்கம் தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் தள்ளும். அந்தக் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. சுமை ஏற்றிய வண்டியை 60-க்கு மேல் விரட்டாமல், லாரியை முந்தி வெளியே வரும் கணத்தில் காற்று மறுபடி அடிக்கும் என்று எதிர்பார்த்துப் பிடிக்க வேண்டும்.

அடுத்து கொண்டை ஊசி வளைவுப் பலகைகள். சர்ச்சுவைத் தாண்டி வரும் காட்டா லூப்ஸில் 21 வளைவு. கொல்லிமலைக்கு 70, வால்பாறைக்கு 40 என்று பார்த்த நம்மவர்களுக்கு 21 ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பலகை சொல்லாதது, அந்த 21-ம் 4,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன என்பது. அங்கே இஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று சமவெளியில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். ஊரில் இரண்டாம் கியரில் எடுக்கிற வளைவை முதல் கியரில் எடுக்க வேண்டியிருக்கும். கிளட்ச்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஏறினால் பிளேட் கருகும். கொல்லிமலையை இதற்குப் பயிற்சிக் களமாகவே வைத்துக்கொள்ளலாம். முழுச் சுமையோடு காலையில் ஒரு முறை ஏறி இறங்குங்கள். ஏறும்போது வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் கிளட்ச்சைத் தொடாமல் ஏற வேண்டும். இறங்கும்போது நியூட்ரல் கூடாது. ஏறிய கியரிலேயே இறங்கி, இஞ்சினையே பிரேக்காக வைக்க வேண்டும். கீழே வந்ததும் டிஸ்க் சுடுகிறதா, கருகிய நாற்றம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பழகியது போதாது.

இனி எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் கார்துங் லா பலகை. லேவுக்கு வடக்கே இருக்கும் கணவாய் அது; ‘லா’ என்றாலே கணவாய். 18,380 அடி, உலகிலேயே உயரமான வாகனச் சாலை என்று பெரிதாக எழுதியிருந்தது உலகப் புகழ். ஜி.பி.எஸ். வைத்து அளந்தவர்களுக்கு அது 5,359 மீட்டர், அதாவது சுமார் 17,580 அடி. எண்ணூறு அடி எங்கே போனது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. 2021-ல் லடாக்கிலேயே இருக்கும் உம்லிங் லா 19,024 அடியில் அந்தப் பெயருக்குக் கின்னஸ் சான்றிதழ் வாங்கிய பிறகு அந்தச் சண்டையும் அடங்கிவிட்டது. கணவாயின் உயரத்தைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. இரவு தூங்கும் உயரம். அதை எந்தப் பலகையும் பெரிதாகப் போடாது.

கணவாயில் பத்து நிமிடம் நின்று படம் எடுத்துவிட்டு இறங்கினால் உடம்பு தாங்கிக்கொள்ளும். உயரத்தில் தூங்கும்போதுதான் மலைநோய் அதிகம் பிடிக்கும். மனாலி 2,050 மீட்டர், ஜிஸ்பா 3,200, சர்ச்சு 4,290, பாங் 4,600, லே 3,500. மனாலியில் தூங்கியவர் மறுநாள் நேரே சர்ச்சுவில் தூங்கினால் ஒரே நாளில் 2,200 மீட்டர் தாவுகிறார். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் அங்கேதான் வரிசையாக வரும். ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் விடியும் முன் கிளம்பி, சர்ச்சுவிலும் பாங்கிலும் தங்காமல் லேவில் இறங்கிவிடுவது நல்ல திட்டம். 300 கி.மீ.-க்கு மேல், பன்னிரண்டு மணி நேர ஓட்டம், கடினம்தான். நாள் கையில் இருந்தால் ஸ்ரீநகர், கார்கில் வழி இன்னும் பாதுகாப்பு. ஜோஜி லா 3,528 மீட்டர், அந்த வழியின் உச்சமான போட்டு லாவே 4,108 மீட்டர்தான். உடம்பு படிப்படியாகப் பழகும். அசிட்டசோலமைடு மாத்திரை 125 மில்லிகிராம் இருவேளை என்று பொதுவாகக் கொடுப்பார்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது, எனவே மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும்.

டயருக்கும் உயரம் தெரியும். ஊரில் 28 பி.எஸ்.ஐ. வைத்த டயர், வெளிக்காற்று மெலிந்ததால் மேலே 30-ஐத் தாண்டிக் காட்டும். கல் பாதையில் வண்டி துள்ளும். கொஞ்சம் இறக்கிவிட்டு ஓட்டலாம்; கீழே வந்ததும் திரும்ப நிரப்ப மறக்கக் கூடாது. அதற்காகவே கைப்பம்பும் அழுத்தமானியும் பையில் இருக்க வேண்டும்.

எல்லைச் சாலைகள் அமைப்பின் மஞ்சள் பலகைகள் விஸ்கியையும் ரிஸ்க்கையும் எதுகை போட்டுச் சிரிக்க வைக்கும். ஓடை சாலையைக் கடக்கிற இடத்தில் அவ்வளவு பேச்சு இருக்காது. வெயில் ஏற ஏற மேலே பனி உருகும். காலை எட்டு மணிக்குக் கணுக்கால் ஆழத்தில் ஓடுகிற தண்ணீர் பிற்பகல் மூன்றுக்கு முழங்காலுக்கு வரும். கடினமான ஓடைகளை மதியத்துக்கு முன் தாண்டிவிட வேண்டும். முதல் கியர், சீரான வேகம், நடுவில் ஆக்ஸிலேட்டரை விடக் கூடாது. விட்டால் சைலன்ஸரில் தண்ணீர் ஏறும். தண்ணீருக்குள் இஞ்சின் நின்றுவிட்டால் ஸ்டார்ட்டரை அழுத்தாமல் தள்ளி வெளியே கொண்டுவர வேண்டும்.

போய்வர 7,500 கி.மீ. என்பதை வண்டியின் கண்ணில் பார்த்தால் சாமான் பட்டியல் தானே வரும். செயின் செட் 15,000 ஓடியிருந்தால் ஊரிலேயே மாற்றிவிடலாம். வழியில் 500 கி.மீ.-க்கு ஒருமுறை செயினுக்கு லூப் ஆயில், மழையிலோ ஓடையிலோ நனைந்தால் அன்று மாலையே. பின் டயர் பாதி தேய்ந்திருந்தால் அது பாதி வழிக்குத்தான் காணும். புதுக் கிளட்ச் கேபிளைப் பைக்குள் போடாமல், பழைய கேபிளை ஒட்டியே ஓட்டிக் கட்டிவைத்துவிட்டால், அறுந்த இடத்தில் இரண்டு முனையை மாற்றினால் போதும், டேங்க்கைக் கழற்ற வேண்டாம். கிளட்ச் லீவர், பிரேக் லீவர், பிளக், ஃபியூஸ், இரண்டு டியூப், டயர் லீவர், பிரேக் பேட் ஒரு செட். சாமான் கட்டும் கேரியரின் போல்ட்டுகளைத் தினமும் காலையில் திருகிப் பாருங்கள். மலைப் பாதையில் முதலில் கழன்று விழுவது அதுதான். இஞ்சின் ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் நடுவழியில் வந்தால், கிளம்பும் முன்பே மாற்றிவிட வேண்டும். போஸ்ட்பெய்டு சிம்மும் இந்தப் பட்டியலில்தான் வரும். வெளிமாநில ப்ரீபெய்டு ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது.

விடுமுறை இரண்டே வாரம் என்றால் சமவெளியை ரயிலுக்கு விட்டுவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வண்டியைச் சென்னையிலிருந்து டெல்லிக்கோ சண்டிகருக்கோ பார்சலில் அனுப்ப ஆர்.சி., இன்ஷூரன்ஸ், அடையாள அட்டை நகல்கள் வேண்டும். டேங்க்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது. ஹேண்டில், ஹெட்லைட், டேங்க் மூன்றையும் அட்டையும் சாக்கும் போட்டு நன்றாகச் சுற்றச் சொல்லி, கண்ணாடிகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் ரயிலிலேயே லக்கேஜாகப் போட்டால் உங்களோடு வர வாய்ப்பு அதிகம். தனிப் பார்சல் என்றால் ஓரிரு நாள் முன்பின் ஆகலாம். டெல்லியில் இறங்கியதும் பங்க்வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அதனால் வழியில் வாங்கிய தண்ணீரை அப்போதே குடித்துத் தீர்த்துவிடாதீர்கள்.